எந்தத் தண்ணியில வெட்டுனீங்க?

"ஒரே ஒரு கையெழுத்து, மேடம். அதுக்கு நாலு நாளா அலைய விடுதீங்க. இது ஞாயமா?"

மாசானம் கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். உட்காரும் எண்ணத்தில் அவர் வரவில்லை. கையெழுத்தோடுதான் வெளியே போவது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஹெப்சிபா. கையில் மாசானத்தின் கட்டுரை. பன்னிரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலாவது எடத்துக்குப் பக்கத்து வீட்டுல யாரு, அண்ணாச்சி?"

"கிளைசின்."

"ம்."

அவ்வளவுதான். பக்கத்தைத் திருப்பினார்.

மாசானத்துக்கு உச்சந்தலை வரைக்கும் சுள்ளென்று ஏறியது.

ஹெப்சிபா குரு. மாசானம் சிஷ்யர். ஆனால் குருவைவிட சிஷ்யருக்கு மூன்று வயது கூடுதல். அதனால்தான் அந்த 'அண்ணாச்சி'.

மாசானம் இந்த ஆய்வகத்துக்குள் முதன்முதலில் கால் வைத்தது குப்பி கழுவ. அதற்கு முன்னால் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் காய்கறியும் கீரையும். படித்ததெல்லாம் மாலைக் கல்லூரியில். சேர்க்க மாட்டேன் என்றவனிடம் மல்லுக்கு நின்று, தர மாட்டேன் என்றவனிடம் பேரம் பேசி, நாலு வாசலில் அடிபட்டு ஐந்தாவது வாசலில் நுழைந்த மனிதர். ஹெப்சிபா மாணவியாக வந்த நாளில் அவருடைய குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததும் இதே கைதான்.

அந்தக் கை இப்போது மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மணி பத்தே கால் மேடம். அஞ்சு மணிக்குக் கமிட்டி."

"தெரியும்."

"அஞ்சுக்குள்ள கட்டுரை போயி, அந்தப் பத்திரிகைக்காரன் குடுக்குத பதிவெண் என் கையில இருந்தா எனக்கு வேலை நிரந்தரம். இல்லைன்னா மாசக் கடைசியில பையைத் தூக்கிட்டு நடையைக் கட்டணும். நாப்பத்தேழு வயசுக்காரனை எவன் மேடம் கூப்பிட்டு வேலை குடுப்பான்?"

"தெரியும், அண்ணாச்சி."

"தெரிஞ்சும் இப்படி ஒக்காந்திருந்தா எப்படி?"

ஹெப்சிபா கட்டுரையை மூடி வைத்தார்.

"எந்தத் தண்ணியில வெட்டுனீங்க?"

மாசானத்துக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல.

"தண்ணியில என்ன மேடம் எந்தத் தண்ணி? தாமிரபரணித் தண்ணியிலயா வெட்டப் போறேன்? நம்ம லேப் தண்ணிதான். சுத்தமான தண்ணி."

வெட்டு என்றால் அருவாள் வெட்டு அல்ல. இவர்களுடைய பிழைப்பில் அதற்கு வேறு பொருள்.

ஈரலில் சுரந்து ரத்தத்தில் ஓடுகிற ஒரு புரதம். மாசானம் பன்னிரண்டு வருஷம் அதைத்தான் கட்டிக்கொண்டு அழுதார். அந்தப் புரதத்தை ஒரு கொடி என்று வைத்துக்கொண்டால், கொடியில் அங்கங்கே சர்க்கரை கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தெந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒட்டியிருக்கும்போது பார்ப்பது பெரும்பாடு. அதனால் ஒரு என்சைமை விட்டுக் கொத்தை வெட்டிவிடுவார்கள். வெட்டுப்பட்ட இடத்தில் எடை ஒன்றே ஒன்று கூடும். பிறகு கொடியை எடை பார்க்கும் மிஷினில் ஏற்றிப் பார்த்தால், எந்த இடத்தில் ஒன்று கூடியிருக்கிறதோ அங்கே சர்க்கரை இருந்தது என்று பொருள்.

இதுவரை எழுதியவர்கள் எல்லாம் அந்தப் புரதத்தில் மூன்று இடம் என்றே எழுதியிருந்தார்கள்.

மாசானம் நாலாவதைக் கண்டுபிடித்தார்.

அதுவும் ஈரல் கெட்டவர்களிடம் மட்டும். நாற்பது நோயாளிகள், நாற்பது பேரிடமும் இருந்தது. நல்ல ஈரல் உள்ள நாற்பது பேர், ஒருவரிடமும் இல்லை.

இப்படி ஒரு விடை ஒருவன் வாழ்நாளில் ஒரு தடவை வந்தாலே பெரிது. அதை வைத்துக்கொண்டுதான் மாசானம் நாலு நாளாக இந்த அறை வாசலில் நிற்கிறார்.

"சரி மேடம்." குரலைத் தணித்துக்கொண்டார். மார்க்கெட்டுக் குரல் வந்துவிட்டது. "தலைப்புல நாலாவது எடத்தைப் போட வேண்டாம். உள்ளுக்குள்ள போடுதேன்."

ஹெப்சிபா மூடிய கட்டுரையின் மேல் கையை வைத்தார்.

"'இருக்கலாம்'னு ஒரு சொல்லு சேத்துக்கிடுதேன்."

கையை எடுக்கவில்லை.

"சரி, நாப்பது பேருன்னு வேண்டாம். நல்லாத் தெரிஞ்ச முப்பதை மட்டும் போட்டு..."

"இது என்ன கத்திரிக்காயா, அண்ணாச்சி?"

அவ்வளவுதான். பொங்கிவிட்டது.

"ஆமா, கத்திரிக்கா வித்தவன்தான்! இல்லைன்னு சொன்னேனா? எட்டு வயசுல தராசு புடிச்ச கை மேடம் இது. எடையில என்னை ஒருத்தன் ஏமாத்திர முடியாது!"

"தராசு சரிதான்."

ஹெப்சிபா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி?"

"சும்மா தண்ணி தண்ணின்னுக்கிட்டு! நேரடியாச் சொல்லுங்களேன். உங்களுக்கு மனசு வரல. இருவது வருசத்துல ஏழு கட்டுரை. ஏழே ஏழு! குப்பி கழுவுனவன் முந்திருவானோன்னு இருக்கு உங்களுக்கு!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

ஆனால் மாசானம் வாயிலிருந்து போனதைத் திரும்ப எடுத்துப் பழக்கமில்லாதவர். நின்றார். காது மடல் சூடாக இருந்தது.

ஹெப்சிபா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். டியூப்பில் எழுதுகிற மெல்லிய கறுப்புப் பேனா. எல்லாவற்றுக்கும் அவருக்கு அது ஒன்றுதான். ஸ்பிரிட் பட்டாலும் மேடம் கையெழுத்து அழியாது என்று ஆய்வகத்தில் கேலி பேசுவார்கள்.

கட்டுரையோடு போக வேண்டிய கடிதத்தை இழுத்தார். போட்டார் கையெழுத்தை.

மாசானத்துக்கு நம்ப முடியவில்லை. கை நீட்டினார்.

"இருங்க."

ஹெப்சிபா சாவியை எடுத்து, குனிந்து, மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு குட்டிக் குப்பி வந்தது. கட்டைவிரல் உயரம். ரப்பர் மூடி. மூடியைச் சுற்றி மெழுகுத்தாள். குப்பியின் வெளியே, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று கறுப்புக் கோடுகள். உள்ளே பாதிக்கும் குறைவாகத் தண்ணீர். அது சரியாக மூன்றாவது கோட்டில் நின்றது.

கடிதத்தின் பக்கத்தில் குப்பியை வைத்தார்.

"அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு, அண்ணாச்சி."

பிறகு தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மாசானம் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கதவு வரை போனார்.

திரும்பி வந்து குப்பியையும் எடுத்துக்கொண்டார்.

*

அந்தத் தண்ணீர் என்னவென்று அவருக்குத் தெரியும். கனத்த தண்ணீர். பார்த்தால் தண்ணீர், தொட்டால் தண்ணீர். உள்ளே இருக்கிற ஆக்சிஜன் மட்டும் கொஞ்சம் கனம். அதில் வைத்துச் சர்க்கரையை வெட்டினால், வெட்டிய இடத்தில் எடை ஒன்று கூடாது. மூன்று கூடும்.

நாலு இடத்திலும் மூன்று வந்துவிட்டால் முடிந்தது. அந்தம்மா வாயை அடைத்துவிடலாம்.

"உலர்த்த ரெண்டு மணி நேரம். மூணு மணி நேரம் வெட்டு. ஒரு மணி நேரம் மிஷின். நாலரைக்கு மூஞ்சியில விட்டெறியுதேன்," என்று வாய்விட்டே சொன்னார். கேட்பதற்கு அங்கே குளிர்சாதனப் பெட்டியைத் தவிர வேறு யாருமில்லை.

பெட்டியைத் திறந்தார். நோயாளி டியூப்பில் இரண்டு, நல்லவர்கள் டியூப்பில் இரண்டு எடுத்தார். எல்லாம் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, சர்க்கரையை வெட்டாமல் மீதி வைத்திருந்தவை.

முதலில் உலர்த்த வேண்டும். உள்ளே பழைய தண்ணீர் சொட்டுக்கூட இருக்கக் கூடாது. உலர்த்தும் மிஷினில் போட்டு மூடினார். அது ஊளையிட்டுக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

மாசானம் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்தார்.

ஈரம் போக வேண்டும். ஈரம் போனால்தான்...

எங்கிருந்தோ ஒரு வாத்திச்சியம்மா நினைவில் வந்து நின்றாள்.

அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. தண்டங்கீரைக் கட்டு. காலையில் ஒரு தடவை, வெயில் ஏறியதும் ஒரு தடவை தண்ணீர் தெளிப்பது வழக்கம். வாடாமல் இருக்க என்று சொல்லிக்கொள்வார்கள். எதற்கென்று தெளிக்கிற கைக்குத் தெரியும். அந்தம்மா தராசிலிருந்த கட்டைத் தூக்கி மூன்று உதறு உதறினாள். அவர் முகமெல்லாம் தண்ணீர் தெறித்தது. கட்டைத் திரும்பத் தட்டில் போட்டாள்.

"இப்ப நிறு."

தட்டு மேலே போய்விட்டது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு மாசானம் வாய்க்கு வந்தபடி பேசினார். தராசு சரியான தராசு என்று மூன்று தெருவுக்குக் கேட்கக் கத்தினார்.

தராசு சரியான தராசுதான்.

மிஷின் ஊளை நின்றது. மூடியைத் திறக்கப் போன கையை மாசானம் நிறுத்திக்கொண்டார்.

பக்கத்து வீட்டில் யாரு? கிளைசின்.

கிளைசின் எல்லாரிலும் சின்ன அமினோ அமிலம். அது பக்கத்தில் இருந்தால் அந்த இடம் உறுதியாக நிற்காது. தண்ணீரில் கிடக்கக் கிடக்கத் தானாகவே மாறிப்போகும். என்சைம் வேண்டாம். சர்க்கரையும் வேண்டாம். மாறியபின் எடை கூடும். எவ்வளவு? ஒன்று.

பாடத்தில் படித்ததுதான். பரீட்சையில் எழுதியதுதான். அவரே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

"சும்மா பயப்படாத வே," என்று தன்னையே அதட்டினார். "மாறுனா எல்லாருக்கும்தான மாறணும்? நல்ல ஈரல்காரனுக்கு ஏன் மாறல? நோயாளிக்கு மட்டும் ஏன் மாறுது?"

அது நல்ல கேள்வி. தெம்பு வந்தது. கனத்த தண்ணீரை ஊசியால் உறிஞ்சி, நாலு டியூப்பிலும் அளந்து விட்டார். என்சைமைச் சேர்த்தார். வெந்நீர்த் தொட்டியில் வைத்தார்.

குப்பியில் தண்ணீர் இப்போது மூன்றாவது கோட்டுக்குக் கீழே நின்றது.

கோடுகள் அளவுக்கோடுகள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கோட்டுக்குக் கோடு இடைவெளி ஒன்றாக இல்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடியெழுத்தில் ஏதோ இருந்தது. கண்ணாடியைத் தேட நேரமில்லை. பையில் போட்டுக்கொண்டார்.

*

நாலு பத்து. மிஷினில் முதல் டியூப் ஏறியது. நல்ல ஈரல்.

முதல் இடம்: மூன்று. இரண்டாவது: மூன்று. மூன்றாவது: மூன்று. நாலாவது இடத்தில் ஒன்றுமில்லை.

சரி. அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டாவது டியூப்பும் அப்படியே.

மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கம்ப்யூட்டரில் கட்டுரையை ஏற்றினார். தலைப்பு, பெயர்கள், படங்கள். கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் படமெடுத்து அதையும் ஏற்றினார். கடைசியில் ஒரே ஒரு பொத்தான் மிச்சம்.

போன் அடித்தது. ஆபீஸிலிருந்து சங்கரவடிவு. கமிட்டிக்குக் காகிதம் அடுக்குகிற பொறுப்பு அவளுடையது.

"என்ன சார், காலையில இருந்து ஆளையே காணும்? கட்டுரை போயிட்டா?"

"போவுது, போவுது."

"போவுதுன்னா என்ன அர்த்தம்? அஞ்சு பேரு வந்து ஒக்காந்தாச்சு. வடையும் தீந்துட்டு. இனி உங்களைத்தான் தின்னணும்."

"பத்து நிமிசம் பொறும்மா!"

"என்கிட்ட ஏன் சார் எரிஞ்சு விழுதீங்க? நம்பரை மட்டும் சொல்லுங்க, எழுதிட்டுப் போயிட்டே இருக்கேன். உங்க பேருக்கு நேரே ஒரு கட்டம் காலியா இருக்கு. பாக்கவே நல்லா இல்ல."

வைத்துவிட்டாள்.

நாலு நாற்பது. மூன்றாவது டியூப். நோயாளி.

முதல் இடம்: மூன்று.

இரண்டாவது: மூன்று.

மூன்றாவது: மூன்று.

மாசானம் எழுந்து நின்றுவிட்டார். தட்டு இறங்குகிறதா ஏறுகிறதா என்று பார்க்கிறவனைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாலாவது: ஒன்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். ஒன்று.

அங்கே இன்றைக்கு யாரும் எதையும் வெட்டவில்லை. அது முன்பே, எப்போதோ, சாதாரணத் தண்ணீரில், தானாகவே நடந்து முடிந்திருந்தது.

நாலாவது டியூப், இன்னொரு நோயாளி. மூன்று, மூன்று, மூன்று.

ஒன்று.

"அப்ப நல்ல ஈரல்காரனுக்கு ஏன் மாறல?" கத்திவிட்டார். "நோயாளிக்கு மட்டும் எப்படி?"

கையில் பிடித்திருந்த டியூப்பின் மூடியைப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். நோயாளி பதினேழு. கீழே, நறுக்கிய தேதி. நாலு வருஷத்துக்கு முந்தையது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, கெஞ்சி, சண்டை போட்டு முதலில் சேர்த்தது நோயாளிகளுடையதைத்தான். அன்றன்றைக்கே நறுக்கினார். ஃப்ரீசரில் இடமில்லை என்று கீழ்த்தட்டில், தண்ணீரிலேயே வைத்தார்.

நல்லவர்களின் டியூப்பைப் பார்த்தார். போன மாசம் நறுக்கியது.

ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நாற்பதுக்கு நாற்பது. பின்னே வராமல் என்ன செய்யும்? அந்த நாற்பது டியூப்பும் நாலு வருஷம் தண்ணீரில் ஊறியவை.

நாலு ஐம்பத்தாறு.

கம்ப்யூட்டரில் பொத்தான் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்து இருக்கிறது. கேட்பாரில்லை. தண்ணீரைப் பற்றி அந்தப் பத்திரிகைக்காரன் கேட்கவா போகிறான்? இந்த ஊரில் கனத்த தண்ணீர் யாரிடம் இருக்கிறது? கேட்டாலும் பதில் வர ஒரு வருஷம். அதற்குள் வேலை நிரந்தரம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சொன்னால் கேட்கிற கை அல்ல அவருடையது. அது பொத்தானுக்கு மேலே போய் நின்றுவிட்டது.

முகத்தில் சில்லென்று தெறித்தது போலிருந்தது.

போன் அடித்தது.

"சார், அஞ்சு ஆகப் போவுது. நம்பர்?"

மாசானம் பொத்தான் மேலிருந்து கையை எடுத்தார். செருமினார்.

"நம்பர் இல்லம்மா."

"வெளையாடாதீங்க சார். உள்ள கூப்புடுதாங்க."

"இல்லைன்னு எழுதிக்கோ."

"சார்..." சங்கரவடிவின் குரலில் இப்போது கேலி இல்லை. "இல்லைன்னா எழுத? நெசமாத்தானா?"

"எழுதும்மா."

*

ஹெப்சிபாவின் அறையில் விளக்குப் போட்டிருந்தது. காலையில் உட்கார்ந்த அதே நாற்காலி, அதே பக்கம். அவர் நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு வந்தது என்று கேட்கவில்லை.

மாசானம் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். குப்பியைப் பக்கத்தில் வைத்தார். காலையில் இருந்த இடத்திலேயே.

இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"ஒன்னு," என்றார்.

ஹெப்சிபா தலையை ஆட்டினார்.

நடைவழியில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கமிட்டி முடிந்து எழுந்துவிட்டார்கள் போல.

மாசானம் குப்பியைத் திரும்ப எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். பொடியெழுத்து இப்போது தெரிந்தது. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தேதி. மேலே இருந்த இரண்டும் அவர் இங்கே வருவதற்கு முந்தியவை, வேறு யார் யாருடைய கையெழுத்தோ. மை மங்கியிருந்தது. மூன்றாவது கோட்டின் தேதி பதினேழு வருஷத்துக்கு முந்தையது. ஆகஸ்ட் மாதம்.

அந்த ஆகஸ்ட் அவருக்கு நினைவிருந்தது.

அந்த மாசம் முழுக்க ஹெப்சிபா தன் குப்பிகளை அவரிடம் கொடுக்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்று, யாருக்கும் முகம் கொடுக்காமல், எல்லாவற்றையும் அவரே கழுவினார். ஏதோ பெரிய கட்டுரை வரப்போகிறது, வெளிநாட்டில் வேலை காத்திருக்கிறது என்று அதற்கு முன்னால் ஊரெல்லாம் பேச்சு. கட்டுரை வரவில்லை. அந்தம்மாவும் எங்கும் போகவில்லை. நம் கழுவல் சரியில்லை என்று நினைக்கிறாள் போல என்று அப்போது மாசானத்துக்கு ஒரே கோபம்.

மாசானம் மூன்றாவது கோட்டின் மேல் விரலை வைத்தார். குருவைப் பார்த்தார்.

"மேடம், இது..."

ஹெப்சிபா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

நாலு நாளாக இந்தப் பேனா அசையாதா என்று வாசலில் தவம் கிடந்தவர் அதைக் கையில் வாங்கினார். மூடியைக் கழற்றினார். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

பக்கத்தில் 'மா' என்று எழுதத் தொடங்கினார்.

"தேதி போதும், அண்ணாச்சி."